கண்ணாடிக்காரர் வீட்டுப் பிரசவம்

கண்ணாடிக்கடை அண்ணன் கண்ணாடி வெட்டும்போது மூச்சு விடமாட்டார். மேசையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, அடிக்கோலை ஓரமாக அழுத்திப் பிடித்து, நுனியில் சின்னச் சக்கரம் வைத்த வெட்டுக்கத்தியைத் தன் பக்கமாக ஒரே இழுப்பாக இழுப்பார். 'சர்'ரென்று ஒரு சத்தம். கோடு முடிகிறவரை கடையில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பிறகு அடியில் லேசாக ஒரு தட்டு. கண்ணாடி சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிரியும். அதற்கப்புறம்தான் மூச்சு.

முதல் முறை நான் அந்தக் கடைக்குள் போனது என் பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அண்ணனிடமும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை இரண்டு ஓரத்திலும் பிடித்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"வேதியியலா? முதல் பட்டமா? அப்போ இதுக்குச் சும்மா கண்ணாடி போட்டா நல்லாருக்காது" என்று உள்ளே போய், குமிழியோ கோணலோ இல்லாத ஒரு துண்டைத் தேடி எடுத்து வந்தார். நான் ஆசையாகத் தொடப் போனேன். "ஏம்ப்பா பட்டதாரி, கைரேகை வைக்கிறதுன்னா தாசில்தார் ஆபீசுக்குப் போ" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் பட்டதாரி. மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, தங்க இடம் தேடியபோது, கடைக்கு மேலே இருந்த தன் அறையையே கொடுத்தார். அவரை நான் அண்ணன் என்றேன். அவர் மனைவி அண்ணி ஆனார். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், வாரம் தவறாமல் வீடியோவில் வருவாள்.

கடையும் வீடும் ஒன்றுக்குப் பின் ஒன்று. முன்னால் நிலைக்கண்ணாடிகள், ஜன்னல் கண்ணாடிகள், மீன்தொட்டிகள். பின்னால் குடும்பம். அண்ணனுக்கு அழுக்கு என்றால் ஆகாது. அதைவிட ஆகாதது மறைப்பு. அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி, அடுப்படித் தடுப்புக்குக் கண்ணாடி. "சாமான் எங்க இருக்குன்னு திறந்தா தேடுறது? பாத்தாலே தெரியணும்" என்பார். "ஆமா, இந்த வீட்டுல எந்த டப்பாவுல சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு தெருவுக்கே தெரியும்" என்பார் அண்ணி.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பாம்பு வந்து சேர்ந்தது.

ஒரு வாடிக்கையாளர் தன் வளர்ப்புப் பாம்புக்கு ஒரு தொட்டி செய்யச் சொன்னார். வீடு மாறுகிறேன், தொட்டி முடிகிறவரை இதுவும் இங்கேயே இருக்கட்டும் என்று, ஒரு பழைய மரப்பெட்டியில் பாம்பையும் வைத்துவிட்டுப் போனார். தொட்டி முடிந்தது. ஆள் வரவில்லை. போன் செய்தால், வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, மனைவி வேண்டாம் என்கிறாள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விஷமில்லாத இனம். வளர்ப்பதற்கென்றே விற்பார்களாம். ஆரஞ்சு நிறத்தில் செங்கல் நிறத் திட்டுகள், கைவிரல் பருமன், நீட்டினால் அண்ணனின் இடுப்புயரம் வரும்.

அந்த மரப்பெட்டியைத்தான் அண்ணன் முதலில் குப்பையில் போட்டார். நாற்றம், அழுக்கு, உள்ளே ஒரே இருட்டு. "இதுக்குள்ள கிடந்து உனக்குக் கண்ணு போயிரும் பாப்பா" என்று பாம்பிடம் சொல்லிவிட்டு, புதுத் தொட்டிக்கு மாற்றினார். தொட்டி என்றால் அப்படி ஒரு தொட்டி. ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்தது, ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியாதது, மேலே காற்றோட்டத்துக்குக் கம்பிவலை மூடி. உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஏறி விளையாட ஒரு கிளை, சூட்டுக்கு ஒரு விளக்கு. கிண்ணமும் கண்ணாடிதான். கடையின் நடுவில் வைத்தார். வருகிறவர், போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்.

அது வந்த சில நாளிலேயே அண்ணி அதற்குப் பெயர் வைத்துவிட்டார். "காலையில எந்திரிச்சதும் என் மூஞ்சியப் பாக்காம அவ மூஞ்சியப் பாக்கப் போறாரு. என்னோட சக்களத்தி" என்றார். அதன் தீனியான வெள்ளெலிகளை உறையவைக்கக் கடையின் மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வந்தபோது, "எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் கழிச்சு ஃபிரிட்ஜ் வந்துச்சு, இவளுக்கு வந்த உடனே தனி ஃபிரிட்ஜ்!" என்று என்னிடம் முறையிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே தொட்டியைத் துடைத்தார். தினமும் துடைப்பார்.

அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் பாப்பா என்றார், அண்ணி சக்களத்தி என்றார், அதனால் பெண் என்று இருந்துவிட்டோம்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம் பாப்பா பருத்தாள். "நம்ம வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு" என்று அண்ணன் பூரித்துப்போனார். பிறகு சாப்பாட்டை ஒதுக்கினாள். சட்டை உரித்தாள். உரித்த பிறகும் அமைதி இல்லை. தொட்டியின் நான்கு மூலைக்கும் போய்ப் போய் மூக்கால் முட்டினாள். கிண்ணத்துக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்த்தாள். அண்ணன் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, "இப்ப வசதியா இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு காலையில் அண்ணியின் சத்தம் மேலே எனக்குக் கேட்டது. "தம்பி! ஓடி வாங்க! இவ முட்டை போட்டுட்டா!"

இறங்கி ஓடினேன். வெறும் கண்ணாடித் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள நீளமான முட்டைகள். ஒன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தது. கோழி முட்டைபோல ஓடு இல்லை, தோல்போல இருந்தது. சில மஞ்சளாகச் சுருங்கியிருந்தன.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "துணையே இல்லாம எப்படி முட்டை வரும்?"

"கோழி போடலையா? சேவலைக் கேட்டுக்கிட்டா போடுது?" என்றார் அண்ணி. "குஞ்சு வராது, அவ்வளவுதான்."

மதியத்துக்குள் எங்கள் சிரிப்பு போய்விட்டது. முட்டையிடுவது நின்றுவிட்டது, ஆனால் முடியவில்லை. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு புடைப்புகள் தெளிவாகத் தெரிந்தன. பாப்பா உடலை முறுக்கினாள், அழுத்தினாள், தளர்ந்து கிடந்தாள். அண்ணன் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நன்றாகத் தெரியவேண்டும் என்று கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். அடுத்த நாளும் அதே இடம், அதே ஸ்டூல், அதே இரண்டு புடைப்புகள்.

நான் வரிசையாகக் கால்நடை மருத்துவமனைகளுக்குப் போன் போட்டேன். நாய் என்றார்கள், பூனை என்றார்கள். பாம்பு என்றதும் ஒருவர் போனையே வைத்துவிட்டார். கடைசியில் பறவை, ஆமை, பாம்பு எல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா கிடைத்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் பாப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்து, புடைப்பின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்னத் தள்ளு தள்ளினா வந்துரும்போல இருக்கு, பட்டதாரி. கேளு, தள்ளலாமான்னு."

அவர் குரல் டாக்டரம்மாவுக்கே கேட்டுவிட்டது. "யாரு அது? கையை எடுக்கச் சொல்லுங்க! உள்ளே முட்டைப்பை கிழிஞ்சா நாம ஒண்ணும் பண்ண முடியாது. அமுக்காதீங்க, பிதுக்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க. அப்படியே கூட்டிட்டு வாங்க."

சுட்டதுபோல அண்ணன் கையை எடுத்தார். எந்தக் கண்ணாடி எந்த அழுத்தத்துக்கு உடையும் என்று விரலாலேயே சொல்கிற மனிதர். தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எதில் கொண்டுபோவது? அண்ணன் சின்ன மீன்தொட்டி ஒன்றை இறக்கப் போனார். அண்ணி உள்ளே போய்த் தன் தலையணையை உருவிப்போட்டு, உறையை மட்டும் கொண்டுவந்தார். "இதுல விடுங்க. துவைச்சதுதான்." அதற்கு முன்பு பாப்பாவின் பக்கத்தில்கூட வராதவர், பஸ்ஸில் அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக ஒரு கை அதன்மேலேயே இருந்தது.

மருத்துவமனையில் ஒரு கிளி, காதில் கட்டுப்போட்ட ஒரு பூனை, நாங்கள். பூனைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "பையில என்னம்மா, முயலா?"

"இல்லீங்க, என்னோட சக்களத்தி" என்றார் அண்ணி. முடிச்சு மெல்ல நெளிந்தது. அவர் பூனையோடு எதிர்வரிசைக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா பாப்பாவின் வயிற்றை விரல்நுனியால் தடவிப் பார்த்தார், ஜெல்லி தடவி ஸ்கேன் பார்த்தார். "எனக்கே ஒரே ஒரு ஸ்கேன்தான் எடுத்தாங்க" என்று அண்ணி முணுமுணுத்தார். உள்ளே இரண்டு முட்டைகள், உடைந்திருக்கவில்லை. பாப்பாவின் உடம்பில் நீர் வற்றியிருந்ததால் ஊசியில் திரவம் ஏற்றினார்.

"எங்க வச்சு வளக்கிறீங்க? போட்டோ இருக்கா?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. போனை நீட்டினார். அவரிடம் அந்தத் தொட்டியின் படம் நிறைய உண்டு. டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க. இதுல அவ எங்க ஒளிவா?"

"எதுக்கும்மா ஒளியணும்? எங்க வீட்டுல அவளை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டோமே."

"அது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே."

அண்ணன் போனைத் திருப்பி வாங்கி அந்தப் படத்தையே பார்த்தார்.

"முட்டை போடற பாம்பு இருட்டா, ஈரமா, இறுக்கமா ஒரு பொந்து தேடும். கிடைக்கலைன்னா அடக்கி வச்சுக்கும். அதுமட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அதிகம் தின்னு, ஓடியாடாம இருந்தாலும் தள்ளுறதுக்கு உடம்புல வலு இருக்காது. ஆனா முதல்ல செய்ய வேண்டியது அதுதான். ஒரு டப்பாவுல ஈரப் பாசி போட்டு, ஒரு ஓட்டை போட்டு வைங்க. தொட்டியை நாலு பக்கமும் மூடிருங்க. யாரும் எட்டிப் பாக்கக்கூடாது. நாளைக்கும் வரலைன்னா கொண்டாங்க. ஊசியால முட்டைக்குள்ள இருக்கிறதை உறிஞ்சிப் பாப்பேன். அதுக்கும் அசையலைன்னா வயித்தைத் திறக்கணும்."

"திறந்தா பிழைப்பாளா?" அண்ணன் கேட்டார்.

"பிழைக்கிறதும் உண்டு, பிழைக்காததும் உண்டு" என்றார் டாக்டரம்மா. மழுப்பவில்லை.

திரும்பும்போது செடி விற்கிற கடையில் பாசி வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பழக்கதோஷத்தில் கடையின் துண்டுக் கண்ணாடிகளைப் புரட்டத் தொடங்கினார்.

"அந்த டப்பாவையும் கண்ணாடியிலயே செய்யப் போறீங்களா?" என்றார் அண்ணி. அடுப்படியிலிருந்து தன் மாவு டப்பாவைக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரே சாமான் அதுதான். மாவை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். அண்ணன் பக்கவாட்டில் பாப்பா நுழைகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, உடம்பில் கீறாதபடி விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். பாசியை நனைத்துப் பிழிந்து நிரப்பினார். கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைக்கிற பழுப்புக் காகிதத்தை எடுத்து, தொட்டியின் நான்கு பக்கமும் தன் கையாலேயே ஒட்டினார். கடைசிப் பக்கத்தை ஒட்டுமுன் ஒரு நிமிஷம் குனிந்து நின்றார்.

"போதும், வாங்க" என்றார் அண்ணி.

பார்க்காமல் இருப்பது அண்ணனுக்குத் தெரியாத வேலை. வெட்டு மேசைக்குப் போய் ஒரு ஜன்னல் கண்ணாடிக்குக் கோடு போட்டார். பாதியில் மூச்சு விட்டுவிட்டார் போலிருக்கிறது. தட்டியதும் கண்ணாடி கோட்டை விட்டு விலகிக் கண்டபடி ஓடியது. நான் அங்கே இருந்த காலத்தில் அவர் கையில் உடைந்து நான் பார்த்தது அது ஒன்றுதான். துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். தொட்டியின் பக்கம் கால் தானாகப் போயிற்று.

"ஏங்க!"

"கேக்கத்தான் போறேன். பாக்கலை."

"கேக்கவும் வேண்டாம். இங்க வந்து உக்காருங்க."

அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். நானும் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். அண்ணி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். கையை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நம்ம பொண்ணு பொறக்கும்போது என்னை ஒரு பெரிய ஹால்ல போட்டிருந்தாங்க. நடுவுல திரை கிடையாது. படிக்கிற பசங்க ஒரு கூட்டம் என் காலடியில வந்து நின்னுச்சு. ஒருத்தர் பாடம் நடத்துறாரு, அதுங்க எட்டி எட்டிப் பாக்குதுங்க. அதுவரைக்கும் நல்லா வந்துக்கிட்டிருந்த வலி அப்படியே நின்னுபோச்சு."

அண்ணன் நிமிர்ந்தார். "வலி நின்னுபோச்சா? இதைச் சொன்னதே இல்லையே நீ."

"என்னத்தச் சொல்றது? டாக்டர் தள்ளு தள்ளுங்கிறாரு. எனக்கு வரலை. அப்புறம் ஒரு ஆயாம்மா வந்து எல்லாரையும் அதட்டித் துரத்திட்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டாங்க. அதுக்குள்ள எவ்வளவு இருட்டு தெரியுமா? அப்பதான் மறுபடியும் வலி வந்துச்சு."

"நான் வெளியிலதானே நின்னேன், என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நின்னீங்க. பாவம், முகமெல்லாம் பயம். முதல்ல உங்களைத்தான் போகச் சொல்லணும்னு தோணுச்சு. எப்படிச் சொல்றது?"

 அண்ணன் எட்டி, நறுக்க வேண்டியிருந்த காயில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து நறுக்கினார்கள். அன்றைக்குத் தேவைக்கு மேலேயே நறுக்கினார்கள்.

பொழுது சாய்கிற வேளையில் அண்ணிதான் போய்க் காகிதத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பாப்பா டப்பாவுக்குள் இருந்தாள். பாசியில் ஒரு முட்டை. இன்னொன்று உள்ளேயே நின்றிருந்தது.

மறுநாள் மீண்டும் தலையணை உறை, மீண்டும் பஸ். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதுக்கு மேல காத்திருந்தா அவ களைச்சிருவா" என்றார். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார். உதவிக்கு இருந்தவர் பாப்பாவின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நடு உடம்பைத் தாங்கிப் பிடிக்க அண்ணனை அழைத்தார்கள். அவர் இரண்டு உள்ளங்கையையும் தொட்டில்போல வைத்தார். டாக்டரம்மா மெல்லிய ஊசியை முட்டைக்குள் செலுத்தி இழுத்தார். ஊசிக்குழாயில் மஞ்சளாகக் குழம்புபோல ஏறியது. கண்ணெதிரே அந்தப் புடைப்பு இறங்கிற்று. அண்ணன் மூச்சு விடவில்லை.

"மூச்சு விடுங்க சார். உங்களையும் நான் பாக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "காத்துப்போன பந்து மாதிரி ஆயிருச்சு. இனி அவளே தள்ளணும். நாளைக்குள்ள தள்ளிட்டான்னா தப்பிச்சோம். இல்லைன்னா கத்தியை எடுக்கணும்."

வீட்டுக்கு வந்து பாப்பாவை டப்பாவில் விட்டோம். அண்ணன் கடையை முழுதாகச் சாத்தப் போனார். அப்போது வந்த ஒருவர், "என்னண்ணே, தொட்டியை மூடி வச்சிருக்கீங்க, பாம்பு எங்க?" என்று கேட்டதற்கு, "உள்ளே இருக்கா. இன்னைக்குப் பாக்க முடியாது" என்றார். அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்து, முந்தின நாள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். மகள் வீடியோவில் வந்தாள். "அப்பா, பாப்பாவைக் காட்டுங்க" என்றாள். "அவ அசதியா இருக்கா, நீ அம்மாவைப் பாரு" என்று போனை அண்ணியிடம் திருப்பினார்.

மறுநாள் விடிந்ததும் நான் இறங்கி வந்தேன். அண்ணன் எழுந்து பல் துலக்கிவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"நீ போய்ப் பாரு" என்றார் அண்ணியிடம்.

"நீங்க பாக்கலையா?"

"நீ பாரு. நீ பாத்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்ணி காகிதத்தைத் தூக்கி, மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, டப்பாவின் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"வந்துருச்சு" என்றார்.

அண்ணன் கேட்டார், "முழுசாவா?"

"முழுசா. சுருங்கிப்போய் ஓரமா கிடக்கு. இடுப்புக்கிட்ட ஒண்ணும் புடைப்பு இல்லை."

"அவ எப்படி இருக்கா?"

"சுருண்டு படுத்திருக்கா. நாக்கை நீட்டுறா."

"ரத்தம் கித்தம்?"

"ஒண்ணும் இல்லை."

"முகம் எப்படி இருக்கு?"

"பாம்புக்கு முகம் எப்படி இருக்கும்? பாம்பு மாதிரிதான் இருக்கு" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை குனிந்து, இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். "களைச்சுப்போயிருக்கா. ஆனா நல்லா இருக்கா."

அண்ணன் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம்? இன்னும் சொல்லு" என்றார்.